இராகலைக்குப் போன கோச்சி

மலையேறிய பாதை – 12

சென்ற இதழில் நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா வரை ஏறிவந்தோம். 1874இல் நாவலப்பிட்டியைத் தொட்ட தண்டவாளம் ஹட்டனுக்கு வர 1884 ஆகிவிட்டது. நடுவில் போன பத்தாண்டைத் தின்றது கோப்பி நோய். 1869இல் இலையடியில் தெரிந்த துரு, தோட்டம் தோட்டமாகப் பரவி, கோப்பியை நம்பியிருந்த அரசாங்கத்தின் கஜானாவையும் காலியாக்கியது. தேயிலை வேர்பிடித்த பிறகுதான் மறுபடி மலை வெட்டப்பட்டது. ஹட்டனுக்கு வந்த அடுத்த ஆண்டே, 1885இல், கோச்சி நானுஓயாவுக்கும் வந்துவிட்டது.

இந்த இதழில் நானுஓயாவில் இறங்கி, பதுளைக்குப் போகும் பெரிய பாதையை விட்டுவிட்டு, வேறொரு பாதையில் போகப்போகிறோம். இன்றைய ரயில்வே வரைபடத்தில் அந்தப் பாதை கிடையாது.

நுவரெலியாவுக்கு ரயில் இருந்த காலம்

இன்று கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ரயிலில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கிறார்கள். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் மேடு. நுவரெலியாவுக்கு எப்போதுமே ரயில் இருந்ததில்லை என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் 1903 டிசம்பரில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ரயில் விடப்பட்டது. அடுத்த ஆண்டில் அது இராகலை வரை நீண்டது. உடப்புசல்லாவை ரயில் பாதை என்று அதற்குப் பெயர். நானுஓயாவில் தொடங்கி பிளாக்பூல், நுவரெலியா, ஹாவாஎலிய, கந்தப்பளை, புரூக்சைட் என்று நின்று நின்று இராகலையில் முடிந்தது. மொத்தம் 19 மைல், அதாவது சுமார் 31 கிலோமீட்டர்.

பெரிய பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி அகலம். இந்தக் கிளைப் பாதையில் இரண்டரை அடிதான். மலையை அதிகம் வெட்டாமல், அதன் இடுப்பை ஒட்டியே வளைந்து போக வேண்டுமானால் பாதை ஒடுங்கித்தான் ஆக வேண்டும். அப்போதுதான் சின்ன எஞ்சின் கூர்மையான வளைவில் திரும்பும், செலவும் குறையும். கொழும்பிலிருந்து யட்டியந்தோட்டைக்குப் போன களனிப் பள்ளத்தாக்குப் பாதையையும் அதே ஆண்டுகளில் இதே அகலத்தில்தான் போட்டார்கள்.

இந்தப் பாதைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இன்று இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலை. சுமார் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது; அங்கே நின்று படம் பிடித்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி இல்லை. கந்தப்பளை நிலையமோ 6,300 அடிக்கும் மேலே இருந்தது. ரயில் ஓடிய காலத்தில் நாட்டின் உச்சி நிலையம் அதுதான்.

பாதை போடச் சொல்லி நெடுநாள் நச்சரித்தவர்கள் தோட்டத் துரைமார். இராகலை, உடப்புசல்லாவை, கந்தப்பளைப் பக்கத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், அரைத்து உலர்த்திப் பெட்டியில் அடைத்த தேயிலை அதுவரை மாட்டுவண்டியில்தான் இறங்கியது. மழைக்காலத்தில் சக்கரம் சேற்றில் புதைந்தால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோச்சி வந்த பிறகு தேயிலைப் பெட்டி இறங்கியது. தோட்டத்து ஜனங்களுக்கான அரிசியும் கொழுந்துக்கான உரமும் ஏறின. சீசனுக்கு நுவரெலியா வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் அதே ரயிலில்தான் ஏறின. முதலாம் வகுப்பில் அவர்கள், மூன்றாம் வகுப்பில் தோட்டத்து ஆட்கள்.

ஒரு பாதை எப்படிச் செத்தது

அகலத்தைக் குறைத்ததால் பாதை போடும் செலவு மிச்சமாயிற்று. ஆனால் அந்தக் குறைந்த அகலமே பின்னாளில் வினையானது. சின்னப் பாதைப் பெட்டி பெரிய பாதையில் ஓடாது. இராகலையில் ஏற்றிய தேயிலையை நானுஓயாவில் இறக்கி, பெரிய பெட்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். மேலே வரும் அரிசி மூட்டைக்கும் அதே கதி. ஒரே சரக்குக்கு இரண்டு கூலி, இரண்டு தாமதம்.

மலைச்சாலைகளுக்குத் தார் வந்து, 1920களிலும் 30களிலும் லொறியும் பஸ்ஸும் பெருகியபோது இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. லொறி ஸ்டோர் வாசலுக்கே வந்து நின்றது. அங்கே ஏற்றிய பெட்டியை நானுஓயாவிலோ கொழும்பிலோ போய்த்தான் இறக்கியது. வருமானம் சரிய, ரயில்வே கணக்கில் நட்டம் ஏறிக்கொண்டே போனது. 1940களில் பாதை இழுத்து மூடப்பட்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. சிலிப்பர் கட்டைகள் போயின. வெட்டிய மலை இடுக்குகளும் கல்லடுக்கிய கரைகளும் எஞ்சின. சில இடங்களில் அவை தோட்டத்துப் பாதையாகின. சில இடங்களைத் தேயிலையும் காய்கறியும் மூடின.

பாதையை அழிக்க வேண்டும் என்று யாரும் கங்கணம் கட்டவில்லை. நட்டம் என்றார்கள், நிறுத்தினார்கள். நின்றுபோனதை என்ன செய்வது என்று கேட்க யாருமில்லை. ரயில் ஓடாத நிலையத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தேவையில்லை. ஆள் இல்லாத கட்டடத்துக் கூரையில் ஒரு தகரம் பறந்தால் திரும்ப வைக்க ஆளில்லை. நுவரெலியா மழைக்கு அந்த ஒரு ஓட்டை போதும். மரச்சட்டம் ஊறும், கறையான் ஏறும், கதவும் ஜன்னலும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

மற்ற சின்னப் பாதைகளுக்கும் பிறகு இதே நிலைதான். யட்டியந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓபநாயக்க வரை போன பகுதி 1976இல் நின்றது. மிஞ்சிய களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1990களில் பெரிய அகலத்துக்கு மாற்றப்பட்டது. அதோடு இலங்கையில் இரண்டரை அடிப் பாதையின் ஓட்டம் முடிந்தது.

இன்று கந்தப்பளையில், ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலை ஸ்டோர் ஓர் ஆடம்பர விடுதியாக இருக்கிறது. 1990களில் அதை விடுதியாக மாற்றியவர்கள் பழைய எஞ்சினையும் சக்கரங்களையும் கட்டடத்தின் எலும்புக்கூட்டையும் கெடுக்காமல் வைத்திருக்கிறார்கள். பழைய ரயில் பெட்டி ஒன்றைப் புதுப்பித்து விருந்துக் கூடமாக்கியும் இருக்கிறார்கள். பாராட்டத்தக்க வேலை. ஆனால் அந்த ஸ்டோரில் இரவுபகலாக நின்று தேயிலை அரைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே விருந்தாளியாகப் போக முடியுமா? அவர்களுக்குத் தங்கள் தாத்தா ஏறிய ஸ்டேஷன் எது, பாட்டி மூட்டை சுமந்த பிளாட்பாரம் எது என்று காட்டக் கந்தப்பளை டவுனிலும் இராகலை டவுனிலும் ஓர் அடையாளமாவது இருக்க வேண்டும்.

ஓடுகிற பாதையிலும் இழப்பு

மூடப்பட்ட பாதையின் கதை இப்படியிருக்க, ஓடிக்கொண்டிருக்கும் பாதையிலும் ஓசையில்லாமல் பல போய்விட்டன.

1953 முதல் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. ரயில்வேயின் தலைவராக இருந்த பி. டி. ரம்பால 1950களில் உடரட்ட மெனிக்கே போன்ற பெயர் பெற்ற விரைவு ரயில்களை ஓட்டினார். பயணம் சுருங்கியது, நாடு பெருமைப்பட்டது. 1960களின் கடைசிக்குள் நீராவி எஞ்சின் அன்றாட ஓட்டத்திலிருந்து விலகியது. அதோடு தண்ணீர்த் தொட்டி, எஞ்சினுக்குத் தண்ணீர் வார்க்கும் குழாய், நிலக்கரி மேடை, சாம்பல் குழி எல்லாவற்றுக்கும் வேலை போயிற்று. நாவலப்பிட்டி ஒரு காலத்தில் முழுக்க முழுக்க ரயில்வே ஊர். எஞ்சின் கொட்டகையையும் குவாட்டர்ஸ் வரிசையையும் சுற்றித்தான் அதன் பொழுது விடிந்தது, அடைந்தது.

பிறகு சரக்கு லொறிக்குப் போனது. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று ஒவ்வொரு நிலையத்திலும் தேயிலைப் பெட்டிகள் அடுக்கி நின்ற குட்ஷெட்டுகள் வெறிச்சோடின. பயணிகள் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கவாவது யாராவது வருவார்கள். குட்ஷெட்டை எட்டிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். மலையகத்தின் உழைப்பு முழுவதும் கடந்துபோன வாசல் அதுதான் என்பதால் அதன் இழப்பு பெரிது.

இன்னும் உயிரோடு இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடாமல் காப்பது டேப்லெட் என்னும் வட்டத் தகடு. ஒவ்வொரு நிலையத்திலும் ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் இரும்புப் பெட்டி போன்ற கருவி ஒன்று இருக்கும். பக்கத்து நிலையத்துக் கருவியோடு அது கம்பியால் இணைந்திருக்கும். மாஸ்டர் மணியடித்துக் கேட்பார். அடுத்த நிலையத்து மாஸ்டர் மணியடித்தே பதில் சொல்வார். அதன் பிறகுதான் ஒரு தகடு வெளியே வரும். ஒரு தகடு வெளியே இருக்கும் வரை இரண்டு பக்கமும் இன்னொரு தகடு வராது. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ரயில் ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். ஓட்டுநர் முந்தைய பகுதியின் வளையத்தை வீசிவிட்டு இதைக் கையில் வாங்கிக்கொள்வார். அந்தத் தகடு கைக்கு வராமல் ரயில் அடுத்த நிலையத்துக்கு நகராது.

நூறாண்டு பழைய இந்த ஏற்பாட்டை வெளிநாட்டவர் தேடிவந்து பார்க்கிறார்கள். ஒருநாள் மின்னணு சமிக்ஞை வரும். வரத்தான் வேண்டும், பாதுகாப்பு பெரிது. ஆனால் அன்றைக்கு இந்தக் கருவிகளைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோடப்போகிறோமா, நிலையத்திலேயே வைக்கப்போகிறோமா? மணிச் சைகைகளை விரலில் வைத்திருக்கும் மாஸ்டர்களின் அனுபவத்தை யார் எழுதிவைப்பார்கள்? அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நேரம் இதுதான்.

மண்ணும் மழையும் தம் பங்குக்குத் தின்கின்றன. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியில் மலைநாடே சரிந்தது. ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்து ஓட்டம் நின்றது. பேரிடருக்குப் பின் அவசரமாகக் கட்டும்போது பழையது எது, காப்பாற்ற வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருந்தால்தான் உண்டு.

இது யாருடைய சொத்து?

பழைய ரயில் நிலையம் என்றதும் அது வெள்ளைக்காரன் கட்டியது, நமக்கென்ன என்று ஒரு பேச்சு மலையகத்திலேயே உண்டு. அந்தப் பேச்சுக்கு இந்தத் தொடர் பதில் சொல்லியாக வேண்டும்.

வரைபடம் போட்டது பிரிட்டிஷ் பொறியியலாளர்தான். பாறையை உடைத்ததும் மண்ணைச் சுமந்ததும் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே மலைப்பாதையின் நீளமான ரயில் சுரங்கமான சிங்கமலைச் சுரங்கத்தில், ஏறக்குறைய 560 மீட்டர் இருட்டைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கைகளை நினைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் மக்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள். கொள்ளைநோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடி, தலைமன்னாரிலிருந்து ரயில் புறப்பட்ட பிறகு வழி மாறியது. மதவாச்சி, அனுராதபுரம், மாஹோ, பொல்கஹவலை என்று சுற்றிவந்து மலையேறினார்கள்.

அவர்கள் கழுத்தில் ஒரு தகரத் தகடு தொங்கியது. டின் டிக்கெட். 1900களின் தொடக்கத்தில் வந்த முறை அது. மாவட்டத்தின் எழுத்து, தோட்டத்தின் எண், ஆளின் எண் ஆகியவை அதில் அடித்திருக்கும். ஆளின் பெயர் அதில் கிடையாது. அந்தத் தகட்டைக் காட்டினால் கப்பலும் ரயிலும் ஏற்றிக்கொள்ளும். செலவுக் கணக்கு தோட்டத்துக்குப் போகும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நானுஓயாவிலோ இறங்கியவுடன் கங்காணி அந்தத் தகடுகளைப் பார்த்து ஆட்களைப் பிரித்து நடத்திப் போவார். குளிரில் நடுங்கும் குழந்தையோடு ஒரு தாய் மலையகத்தில் முதலடி வைத்த இடம் அந்தப் பிளாட்பாரம்தான்.

திரும்பிப் போனதும் அதே பிளாட்பாரத்திலிருந்துதான். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு தலைவர்கள் பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் போக விரும்புகிறார்கள் என்று மக்களிடம் கேட்டுப் போட்ட கணக்கு அல்ல அது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள் டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதனால் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் மலையிறங்கினார்கள். அக்கா போனாள், தங்கை நின்றாள். தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மணமான மகளுக்கு இலங்கைப் பதிவு. தகரப் பெட்டியும் சாக்கு மூட்டையும் ஏற்றி, ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டே ரயிலோடு ஓடி, பிளாட்பாரம் முடியும் இடத்தில் கை விட்டுப்போன குடும்பங்கள் எத்தனை! இழவு வீட்டில் எழும் ஓலம் ஹட்டன் ஸ்டேஷனிலும் தலவாக்கலை ஸ்டேஷனிலும் எழுந்தது. அந்த ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள், எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அதையே தலைப்பாக்கினார்.

காணியோ சொந்த வீடோ இல்லாத, தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்த ஒரு மக்களுக்கு வந்ததற்கும் போனதற்கும் சாட்சியாகப் பொது இடத்தில் நிற்கும் கட்டடம் எது? கோயிலை விட்டால் ரயில் நிலையம்தான். லயம் இடிய வேண்டியதுதான். அதில் இன்னொரு தலைமுறை வாழக் கூடாது. காணியும் வீடும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். பாதுகாக்க வேண்டிய நினைவை மக்களின் வசதிக்குத் தடையில்லாமல் தாங்கி நிற்கக்கூடிய இடம் ரயில் நிலையம்.

சட்டத்தில் விழுந்த கோடு

இலங்கையில் பழையதைக் காப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதியில் ஒரு கோடு கிழிக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்தைய சின்னங்கள் தாமாகவே சட்டத்தின் காவலுக்குள் வருகின்றன. பிந்தியவற்றை அமைச்சர் தனித்தனியே வர்த்தமானியில் அறிவித்தால்தான் காவல்.

மலையகத் தமிழரின் வரலாறு எப்போது தொடங்குகிறது? 1823 என்கிறோம். கம்பளைப் பக்கம் சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் போட்ட கோப்பித் தோட்டத்துக்கு வந்த முதல் தொகுதியிலிருந்து எண்ணி, 2023இல் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தோம். அவ்வாண்டு ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் முன்னோர் நடந்த தடத்தில் வந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவடைந்தது.

1823, 1815க்கு எட்டு ஆண்டு பிந்தியது. அதாவது, இந்த மண்ணில் இந்த மக்கள் வெட்டிய பாதை, கட்டிய ஸ்டோர், குடியிருந்த லயம், ஏறி இறங்கிய ஸ்டேஷன் அத்தனையும் சட்டத்தின் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. சட்டம் எழுதியவர்கள் மலையகத்தை மனதில் வைத்து இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அனுராதபுரமும் பொலனறுவையும்தான் அவர்கள் கண்ணில் இருந்தன. ஆனால் விளைவு இதுதான்: மலையகத்தின் எந்தக் கல்லும் தானாகக் காப்பாற்றப்படாது. யாராவது கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

கேட்டுக் கிடைத்த கதை நுவரெலியாவிலேயே இருக்கிறது. செங்கல் சுவரும் கோபுரமுமாக நகரின் நடுவே நிற்கும் தபால் நிலையம் 1894இல் கட்டியது. அதை விடுதித் திட்டம் ஒன்றுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2023இல் வெளியே வந்தது. தபால் ஊழியர்கள் பொங்கியெழுந்தார்கள். நவம்பரில் நாடு முழுவதும் 48 மணிநேர வேலைநிறுத்தம். ஊர் மக்களும் கூட நின்றார்கள். 2024இல் வந்த அரசு அந்தக் கட்டடத்தைக் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. இன்றும் அங்கே முத்திரை குத்தும் சத்தம் கேட்கிறது.

கந்தப்பளை நிலையத்தின் கதையோடு இதை வைத்துப் பாருங்கள். ஒரே மாவட்டம், பத்தாண்டு முன்பின்னாகக் கட்டியவை. ஒன்றுக்கு உள்ளே வேலை செய்யும் கைகளும் எனக்கு உரியது என்று சொல்லும் வாய்களும் இருந்தன. மற்றொன்று மூடப்பட்ட 1940களில் அதைச் சுற்றியிருந்த மக்களுக்கு வாக்குரிமையும் குடியுரிமையுமே கேள்விக்குறியாகிக்கொண்டிருந்தன. நாளைக்கு இந்த நாட்டில் இருப்போமா என்று தெரியாதவர்கள் ஸ்டேஷனைக் காப்பாற்று என்று யாரிடம் போய்க் கேட்பார்கள்?

அக்கரையையும் பார்ப்போம். நீலகிரி மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்தது. நம் இராகலைப் பாதையின் சமகாலத்தது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பாதையும் நிலையங்களும் எஞ்சின்களும் சேர்ந்தே காப்பாகின. இங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஏராளமானவை அதே நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில்தான் குடியேறின. அவர்கள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த மலை ரயில் உலகச் சொத்து. அவர்கள் பெற்றோர் இங்கே விட்டுப்போன மலை ரயிலின் ஒரு கிளை முழுதாகக் காணாமல் போனது.

இலங்கையிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. ரயில்வேயின் 150ஆம் ஆண்டையொட்டி 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களை அங்கே பார்க்கலாம். கம்பளைக்கு அருகே நியூ பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. உரலும் அம்மியும் கொழுந்துக்கூடையும் பழைய ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. ஒன்றில் எஞ்சின் இருக்கிறது, மற்றொன்றில் மக்கள் இருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் ரயில் நிலையம். அதற்குத்தான் இன்னும் காவல் இல்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா நிலையங்களின் பழைய பகுதிகளையும், உடப்புசல்லாவைப் பாதையில் எஞ்சியிருக்கும் கட்டுமானங்களையும் அளந்து, படமெடுத்து, பட்டியலிட்டு வர்த்தமானியில் அறிவிக்கக் கோர வேண்டும். மலையகத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கும் பிரதேச சபைகளுக்கும் போனவர்கள் கையில் இருக்கும் வேலை இது. கோடி ரூபா கேட்கவில்லை. ஒரு மனுவும் விடாமல் தொடர்வதும் போதும்.

இரண்டாவது, இராகலை வரை பழைய பாதை போன இடங்களில் மும்மொழிப் பலகை. எந்த ஆண்டு வந்தது, எந்த உயரம், யார் உழைத்தார்கள் என்று அதில் இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருநாள் அந்தத் தடத்தில் நடக்கட்டும்.

மூன்றாவது, நிலையங்களைப் புதுப்பிக்கும்போது மரவேலை, டிக்கெட் ஜன்னல், எடை இயந்திரம், பழைய பதிவேடுகள் எதையும் குப்பைக்கு அனுப்பக் கூடாது என்ற உத்தரவு. ஒரு நிலையத்தின் சரக்குப் பதிவேட்டில் அந்தச் சுற்றுவட்டாரத்தின் நாற்பதாண்டுப் பொருளாதாரம் இருக்கும்.

நான்காவது நம் வீட்டு வேலை. இராகலைக் கோச்சியில் ஏறியவர்கள் யாராவது இன்னும் இருந்தால் தொண்ணூறை ஒட்டியிருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பாட்டியின் தகரப் பெட்டியில் டின் டிக்கெட்டோ, பழைய கடவுச்சீட்டோ, இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமின் சீட்டோ இருந்தால் படமெடுத்து நியூ பீகொக் அருங்காட்சியகத்துக்கோ ‘நூலகம்’ என்னும் பெயர்கொண்ட எண்ணிம ஆவணகத்துக்கோ கொடுங்கள்.

தபால் நிலையத்தைக் காப்பாற்றியவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர். அதில் வேலை செய்தவர்கள். மலையக ரயில் பாதையில் வேலை செய்தவர்களின் வாரிசுகள் நாம். இன்று நமக்குக் குடியுரிமை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை இருக்கிறது. 1940களில் கேட்க முடியாமல் போனவர்களின் சார்பிலும் இப்போது நாம் கேட்க வேண்டும்.

அடுத்த இதழில்: நானுஓயாவிலிருந்து பட்டிப்பொலை உச்சியைக் கடந்து பண்டாரவளைக்கு. அங்கிருந்து பதுளைக்குப் போக ஏன் 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டது எதனால் என்பதைப் பார்ப்போம்.